நாரை கறுப்பான வருஷம்

லாஸ் ஏஞ்சல்ஸ்
2 பிப்ரவரி 1974

அன்புத் தம்பி எவாரிஸ்தோவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தான் பௌதெலியோவும் கன்னி மாதாவின் கிருபையில் சுகமாக இருக்கிறோம். நீயும் எலும்பு எதுவும் முறியாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்துகொள். பதினோரு வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றி ஏற்றி நான் கைவிட்டுவிட்ட விஷயம் நடந்திருக்கிறது. எனக்கு நாலாவது மாதம். டாக்டர் இரண்டு தடவை பார்த்துச் சொல்லிவிட்டார். ஜூலையில் பிறக்கும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தொழிற்சாலை மூடும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொர்ரெயோன் வருகிறோம். ஞானஸ்நானம் நம் ஊர்க் கோயிலில்தான். ஞானத்தகப்பன் நீதான். இதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை. இந்த வயதில் பெறுகிறேன், எனக்கும் அத்தானுக்கும் ஒன்று ஆகிவிட்டால் பிள்ளை உன் கையில்தான் வளர வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பொட்டலத்தில் இரண்டு முகமூடிகள் இருக்கின்றன. வெள்ளை உனக்கு, நீலம் உன் மல்யுத்த ஜோடி நசாரியோவுக்கு. எங்கள் தொழிற்சாலையில் நீச்சலுடை தைத்து மிஞ்சின துணி, இழுத்தாலும் கிழியாது. பின்மண்டையில் கயிறு கட்டுகிற இடத்துக்கு மேல் ஒரு மூடி வைத்திருக்கிறேன். மேடையில் கெட்டவன் வேஷம் கட்டுகிற அந்த ரூடோ கழுதைகள் முடிச்சை அவிழ்த்து முகமூடியை உருவுகிற அழிச்சாட்டியம் இனி நடக்காது. கட்டின பிறகு மூடியின் ஓரத்தில் நாலு தையல் போட்டுப் பூட்டிவிடச் சொல்லி நசாரியோ மனைவி சோலேயிடம் கொடு. ஆட்டம் முடிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம்.

உன் அக்கா,
எர்மெலிந்தா

தொர்ரெயோன்
23 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன், முடித்துவிட்டு எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். எதிர்வீட்டு தோன்யா கூக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா"ன்னு கேட்டாள். பொறக்கப்போகுதுன்னு சொன்னேன். அரை மணியில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞானத்தகப்பனாக நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று கேட்கமாட்டேன், நீ அடிப்பாய். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. இது என் வாக்கு.

முகமூடிகள் அருமை. கொம்பாத்ரே நசாரியோ போட்டுப் பார்த்துவிட்டு, "தலையே போனாலும் இது போகாது போலிருக்கே" என்றார். அவர் மகளுக்கு நான் ஞானத்தகப்பனாக நின்று அவரும் நானும் கொம்பாத்ரே ஆனதிலிருந்து, பள்ளிக்கூடத்து 'டேய்' எல்லாம் போய் 'நீங்க' வந்துவிட்டதல்லவா. மேடையிலும் அதேதான். "கொம்பாத்ரே, கொஞ்சம் குனியுங்க, உங்க தோள்மேல ஏறிக் குதிக்கணும்." எதிரிலிருக்கிற ரூடோக்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பிடியை விட்டுவிடுகிறார்கள்.

தெருவில் வழக்கம்போல. முகமூடிக்குள் இருக்கிற 'வெள்ளை நாரை' என்கிற மல்லன் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "உங்க நண்பர் நாரைகிட்டச் சொல்லி என் மருமகனை ஒரு மிரட்டு மிரட்டச் சொல்லுங்களேன்" என்பாள் தோன்யா கூக்கா. சொல்கிறேன் என்பேன். நல்ல மல்லனுக்கு முடியாது என்ற சொல்லே கிடையாது. ஒன்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு முத்தம், எத்தனை சமையல்கட்டுத் திறப்பு விழா. பீர் குடிக்கக்கூட அடுத்த ஊருக்குப் போகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. கனமான எதையும் தூக்காதே.

உன் தம்பி,
எவாரிஸ்தோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
19 மார்ச் 1974

எவாரிஸ்தோவுக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். உன் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, பத்திரிகையிலேயே தெரிகிறது.

எங்கள் தையல் வரிசையில் தொர்ரெயோன்காரி ஒருத்தி இருக்கிறாள். ஊரிலிருந்து வந்த மல்யுத்தப் பத்திரிகையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் விரித்துப் போட்டாள். "இது உங்க தம்பியோட 'நண்பர்' இல்ல?" முழுப்பக்கப் படம். நசாரியோ குப்புறக் கிடக்கிறான். நீ அவன்மேல் கவிழ்ந்து அவன் முகமூடியைப் பல்லால் கிழிக்கிறாய். பல்லால். நான் இரட்டை இழை போட்ட தையலை.

தோன்யா கூக்காவும் எழுதியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் நசாரியோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றானாம். நீ பின்னாலிருந்து பாய்ந்து தள்ளினாயாம். நடுவர் தடுக்க வந்தபோது அவரைக் காலால் உதைத்தாயாம். முகமூடியைக் கிழித்துவிட்டு அவன் முகத்தை உன் வயிற்றோடு அமுக்கி நெரித்தாயாம், அப்புறம் அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாயாம். "நான் பன்னெண்டு வருஷமா முதல் வரிசைல உக்கார்றேன், இப்படி ஒரு சண்டாளத்தனத்தப் பாத்ததில்ல" என்று எழுதியிருக்கிறாள். தவக்காலத்து முதல் ஞாயிறு வேறு.

ரூடோவாக மாறினதற்கு நான் கோபிக்கவில்லை. யாராவது கெட்டவனாக நின்றால்தான் ஆட்டம் நடக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் கொம்பாத்ரேமேல் கை வைப்பதா? அவன் பிள்ளையைக் கோயில் தொட்டியில் ஏந்தின கையால்? அப்படி ஓர் ஏற்பாட்டை அரங்கத்து முதலாளி சொன்னால்கூட நம் ஊரில் எவனும் ஒத்துக்கொள்ளமாட்டானே.

நீ ஏன் செய்தாய் என்று எழுது. உடனே.

எர்மெலிந்தா

தொர்ரெயோன்
28 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம். எழுத உட்கார்ந்து எழுந்த நாட்கள் நிறைய.

நாரைக்கு நல்லவனாக இருந்து அலுத்துவிட்டது என்று வைத்துக்கொள். நீ தைத்த வெள்ளை முகமூடியைச் சாயப்பானையில் முக்கிவிட்டேன். இப்போது சுவரொட்டியில் கறுப்பு நாரை. அரங்கம் நிரம்பி வழிகிறது. என்னைத் திட்டுவதற்கென்றே கோமெஸ் பலாசியோவிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். தெருவிலும் மாற்றம்தான். நேற்று ரொட்டிக் கடையில் ஒரு பெரியவர் என்னிடம் மிக மரியாதையாக, "உங்க நண்பர் நாரையப் பாத்தா, அவன் கட்டைல போகணும்னு நான் சொன்னதாச் சொல்லுங்க தம்பி" என்றார். சொல்கிறேன் என்று ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொம்பாத்ரே நலமாக இருக்கிறார். மெக்சிகோ நகரத்தில் ஒரு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். சோலேக்கும் குழந்தைக்கும் துணை வேண்டியபோது போய்ப் பார்த்துவருகிறேன், யாரும் பார்க்காத நேரத்தில்.

ஒரு வேண்டுகோள். இனி யாருக்கு முகமூடி தைத்தாலும் பின்னால் அந்த மூடி வேண்டாம். வெறும் கயிறு போதும். ஏன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எவாரிஸ்தோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
10 மே 1974

எவாரிஸ்தோவுக்கு,

இன்று அன்னையர் நாள். வயிற்றில் உதைக்கிறது, நலமாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரொட்டிக் கடை இருக்கிறது, பஸ் இருக்கிறது, நான் கேட்டது மட்டும் இல்லை. நசாரியோவுக்குச் சித்தி ஏது? அவன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. நாம் மூன்று பேரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், என்னிடமே கதை விடுகிறாயா? முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு அவன் ஊரைவிட்டே போயிருக்கிறான். நீ அவன் வீட்டுக்குத் திருடன்போலப் போய்வருகிறாய். இதில் என் தையலுக்குக் குறை வேறு. முகமூடியைக் கிழிக்கக் கஷ்டமாக இருந்ததோ?

அத்தானிடம் பேசிவிட்டேன். கொம்பாத்ரேயை அடித்த கையில் என் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன். பௌதெலியோவின் தம்பியை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லப்போகிறோம். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்காதே. உனக்கு மூக்கு ஒழுகின வயதிலிருந்து துடைத்துவிட்டவள் நான்.

பிள்ளை பிறக்கும்வரை நேரம் தருகிறேன். ஒரே ஒரு காரணம் சொல். நியாயமில்லாததாக இருந்தாலும் சொல்.

எர்மெலிந்தா

தொர்ரெயோன்
2 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடும் வெயில். நலம்.

உன் பிள்ளை, உன் முடிவு. பௌதெலியோவின் தம்பி நல்ல மனிதர், குடிக்கமாட்டார், அவர் நிற்கட்டும். நீ கேட்ட காரணம் என்னிடம் இல்லை. இருந்தாலும் அது நான் சொல்லக்கூடியதில்லை. இதற்குமேல் கேட்டால் நான் பதில் எழுதாமல் இருந்துவிடுவேன், அது உனக்கும் எனக்கும் நல்லதல்ல.

மாடிப்படி ஏறாதே. தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேள்.

எவாரிஸ்தோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
5 ஆகஸ்ட் 1974

எவாரிஸ்தோவுக்கு,

ஜூலை 19 காலையில் பெண் குழந்தை பிறந்தாள். ஒத்தீலியா என்று அம்மா பெயரையே வைத்திருக்கிறோம். இருவரும் நலம். ஞானஸ்நானம் டிசம்பர் 28. நீயும் வரலாம், மற்றவர்களைப்போல.

எர்மெலிந்தா

காது உன்னுடையது. என்ன செய்வது.

தொர்ரெயோன்
25 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் மூவரும் நலம் என்று படித்த பிறகு என் நலத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. அம்மா பெயர் வைத்ததற்கு அழுதேன்.

கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மேடையில் எதிரில் வந்தவனையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒருவனைக் கட்டிப்பிடித்தும்விட்டேன். ரூடோ கட்டிப்பிடித்தால் நெரிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். எலுமிச்சைச் சோடா புட்டி ஒன்று காதோரம் பறந்தது.

காதுக்கு மன்னித்துவிடு. தலைமுடி வளர்ந்தால் மறைந்துவிடும்.

டிசம்பரில் வருவேன். கடைசி வரிசையில் நிற்பேன்.

எவாரிஸ்தோ

தொர்ரெயோன்
12 அக்டோபர் 1974

மரியாதைக்குரிய எர்மெலிந்தா அக்கா அவர்களுக்கு,

நசாரியோ எழுதுவது. நீங்களும் உங்கள் கணவரும் குழந்தையும் ஆண்டவர் அருளால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுதான் ஊருக்கு வந்தேன். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வேறு ஆளை வைத்துவிட்டீர்கள் என்று சோலே சொன்னாள். உடனே கொம்பாத்ரேயிடம் போய்க் கேட்டேன். "அது அக்கா பிள்ளை, நீங்க இதுல தலையிடாதீங்க" என்றார். தலையிடாமல் இருந்தால் நான் மனிதனில்லை. அவர் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றட்டும். ரகசியம் என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எனக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது அக்கா. வீட்டில் இரண்டு தடவை. சோலேக்கு மட்டும் தெரியும். மல்யுத்த ஆணையத்து டாக்டருக்குத் தெரிந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், ஊர் என்னைப் பேய் பிடித்தவனாகப் பார்க்கும் என்று மறைத்தேன். மூன்றாவது தடவை மேடையில் வந்தது. கயிற்றைப் பிடித்தபடி விறைத்துப் போனேன். கொம்பாத்ரே முகமூடி ஓட்டையில் என் கண்ணைப் பார்த்துவிட்டாராம். கீழே விழுந்தால் மண்டை அடிபடும் என்று பாய்ந்து என்னைத் தாங்கிக்கொண்டே விழுந்தார். ஜனங்கள் தாக்கிவிட்டார் என்று கத்தினார்கள். முகமூடிக்குள் நான் வாந்தி எடுத்துவிட்டேன். மூச்சுக்கு வழியில்லை. முகமூடி கழலவில்லை. அதனால் பல்லால் கிழித்தார். நடுவர் என்னைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார், அப்போதுதான் அவரை உதைத்தார். என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் நுரையை யாரும் பார்க்காதபடி முகத்தைத் தன் வயிற்றோடு மூடிக்கொண்டார். நல்லவனாக ஆடுகிற ஒரு தெக்னிகோ தன் ஜோடியின் முகமூடியைக் கிழிக்க இந்தத் தொழிலில் வேறு எந்தக் காரணமும் கிடையாது. கெட்டவனானால்தான் உண்டு. அதனால் அந்த ஒரு நிமிஷத்தில் கெட்டவனாகிவிட்டார்.

எனக்கு நினைவு வந்தபோது உடை மாற்றும் அறையில் அவர் என் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க கொம்பாத்ரே" என்றேன். "சொல்லல. ஆனா டாக்டரைப் பாக்காம நீங்க இனி மேடை ஏறினா, நானே போய் ஆணையத்துல சொல்லிடுவேன்." "உங்களக் கொல்ல வர்றாங்களே" என்றேன். "வரட்டும். ஒம்பது வருஷமா கொஞ்சினாங்க, கொஞ்ச நாள் திட்டட்டும்" என்றார்.

மெக்சிகோ நகரத்தில் எனக்குச் சித்தி இல்லை. ஆஸ்பத்திரிதான். மூளைக்கு மேலே பயறளவு ஒரு கட்டி. ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். மேடை மட்டும் இனி இல்லை. அரங்கத்திலேயே நுழைவுச்சீட்டு கிழிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. சோலே ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நான் நன்றாக இருக்கிறேன் அக்கா. அதற்குக் காரணம் உங்கள் தம்பி.

பணிவுடன்,
நசாரியோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
24 அக்டோபர் 1974

என் ராசா எவாரிஸ்தோவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்தக் கேள்வியை ஏழு மாதமாக நான் கேட்கவே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

நசாரியோவின் கடிதம் வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்றே படித்தேன். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன் தம்பி. அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, அப்பாடா, நம் வீட்டுப் பிள்ளை கெட்டுப்போகவில்லை என்பதுதான். ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். தூக்கி எறியவும் மனமில்லாமல் அலமாரிக்கு அடியில் போட்டிருந்தேன். உன் இடது கை எங்கே இருக்கிறது தெரியுமா? நசாரியோவின் தலைக்கும் மேடைப் பலகைக்கும் நடுவில் விரித்து வைத்திருக்கிறாய். எவ்வளவு நாள் அந்தப் படத்தைப் பார்த்துத் திட்டியிருப்பேன், அந்தக் கை என் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. நசாரியோ 'முகமூடி கழலவில்லை' என்று ஒரு வரியோடு தாண்டிவிட்டான், பெருந்தன்மை. ஏன் கழலவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வைத்த மூடி. நான் போடச் சொன்ன நாலு தையல். அவன் மூச்சை அடைத்தது என் கெட்டிக்காரத்தனம். மூடி வேண்டாம் என்று நீ ஏப்ரலிலேயே எழுதினாய், நான் உன்னைக் குத்திக்காட்டினேன். பிள்ளை வயிற்றில் இருப்பவளுக்கு இது தெரியக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாய், இல்லையா? நான் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னை என்ன செய்தால் தகும்.

பௌதெலியோவின் தம்பியிடம், நீ நிற்க வேண்டாமப்பா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதுங்க மதினி. அவ்வளவு தூரம் பஸ்ல வர்றத நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல" என்றார்.

டிசம்பர் 28. நீதான் நிற்கிறாய். வரமாட்டேன் என்று சொன்னால் பிள்ளையை உன் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

உன் அக்கா,
எர்மெலிந்தா

தொர்ரெயோன்
12 நவம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். முழங்கால்கூட முனகவில்லை.

மூடியை நினைத்து மனதை அரித்துக்கொள்ளாதே. அது இல்லாமல் முடிச்சை அவிழ்த்து மெதுவாகக் கழற்றியிருந்தால், நான் ஏதோ உதவி செய்கிறேன் என்று முதல் வரிசைக்கே தெரிந்திருக்கும். பல்லால் கிழித்ததனால்தான் நம்பினார்கள். உன் தையல் உறுதியாக இருந்ததில் அவருக்கும் ஒரு நன்மை என்று வைத்துக்கொள்.

முதல் ஒரு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். என் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் காறித் துப்பினார்கள். ஆனால் அக்கா, உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இப்போது இது பிடித்திருக்கிறது. யாருக்கும் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை. தெருமுனையில் நின்று பீர் குடிக்கிறேன். கூரையிலிருந்து குதி, கயிற்றிலிருந்து பற என்று யாரும் கேட்பதில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தால் போதும், அரங்கமே எழுந்து நிற்கிறது. இருபது வயதுப் பையன்போலத் தூங்குகிறேன்.

ஆகையால் ஒரு நிபந்தனை. உனக்குத் தெரிந்தது உன்னோடும் அத்தானோடும் நிற்கட்டும். கொம்பாத்ரேக்குப் பிறர் இரக்கப்படுவது பிடிக்காது. எனக்கோ, இந்த உண்மை வெளியே வந்தால் அடுத்த ஞாயிறே மறுபடி முத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள், பிழைப்பு போய்விடும். டிசம்பரில் அரங்கத்துக்கு வந்தால் நீயும் மற்றவர்களைப்போலத் திட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் தோன்யா கூக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒத்தீலியாவின் காதுக்கு ஒரு முத்தம்.

எவாரிஸ்தோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
9 ஜனவரி 1975

அன்புத் தம்பியும் இப்போது என் கொம்பாத்ரேயுமான எவாரிஸ்தோவுக்கு,

பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். குழந்தை நலம், அத்தான் நலம். எனக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை, மூன்று நாளாக வெந்நீரும் தேனும். தொழிற்சாலையில் சைகையில் பேசுகிறேன், எல்லோருக்கும் நிம்மதி.

இனி உன்னை 'நீங்கள்' என்று கூப்பிட வேண்டுமாம், பௌதெலியோ சொல்கிறார். மூக்கு துடைத்தவளுக்கு அது வராது, விட்டுவிடு.

ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் நடந்ததை நீ பார்க்கவில்லை. உள்ளே பாதிரியாரோடு இருந்தாய். தோன்யா கூக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, உனக்குப் புத்தி பிசகிடுச்சா? அந்த ஆளோட சேர்த்தி இருக்கிறவன் கைலயா பெத்த பிள்ளையக் குடுக்குற?" அப்போதும் அவள் உன் பெயரையும் நாரையின் பெயரையும் சேர்த்துச் சொல்லவில்லை, அந்த நாகரிகம் அவளிடம் உண்டு. "என் பிள்ளை, என் இஷ்டம்" என்றேன். பாதிரியார்கூட, "யோசிச்சுத்தான் செய்றியாம்மா" என்று கேட்டார். "ஏழு மாசம் யோசிச்சாச்சு சாமி" என்றேன். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசாமல் போனார்கள். நீ இதை எத்தனை மாதம் சுமந்தாய் என்று அன்று கொஞ்சம் தெரிந்தது. என் பங்குக்கு ஒரு நாள்தான் கிடைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நசாரியோ தன் சீட்டுக் கிழிக்கிற வேலையை முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கன்னம் வைத்திருக்கிறது, பார்க்கவே நிறைவாக இருந்தது. நீ மேடை ஏறினதும் அவன்தான் முதலில் எழுந்தான். "நீங்க நாசமாப் போக, துரோகி." கெட்ட வார்த்தையிலும் மரியாதை விடவில்லை.  நீ உன்னை எதிர்த்து ஆடின அந்தச் சின்னப் பையனின் தலைமுடியை நடுவருக்குத் தெரியாமல் பிடித்து இழுத்தாயே, அப்போதுதான் நான் ஆரம்பித்தேன். "பாவி, படுபாவி, நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தியா?" பிறந்தது என் அம்மா வயிற்றில்தான், ஆனாலும் கேட்டேன். நசாரியோ காதோரம், "இன்னும் சத்தமா அக்கா, கூட்டத்துல அவருக்குக் கேக்காது" என்றான். எனக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. ஏழு மாதம் தப்பாகத் திட்டினதற்கெல்லாம் சேர்த்து அன்று சரியாகத் திட்டினேன்.

நீ எங்கள் பக்கம் திரும்பி, கயிற்றின்மேல் ஏறி, என்னைப் பார்த்து விரலை நீட்டி மிரட்டினாய். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருத்தி தன் கைக்குட்டையைக் கொடுத்து என் முதுகைத் தடவினாள். "பயப்படாதம்மா. அவன் கெட்டவன்தான். ஆனா கீழ எறங்கி வரமாட்டான்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன்.

உன்னைத் திட்டித் தொண்டை கட்டின அக்கா,
எர்மெலிந்தா